முட்டையா, கல்லா? - அரியலூர்க் கற்கள் நடத்தும் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2020 அக்டோபர். கொரோனா காலம், எல்லாரும் வீட்டுக்குள்ள. அப்ப எட்டாவது படிச்சுக்கிட்டிருந்த என் அக்கா பையன் சென்னையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். தூர் வாரிய ஏரிக்குள்ள பெரிய பெரிய உருண்டைக் கல்லுங்க. கூடவே, "மாமா! உங்க ஊர்ப்பக்கம் டைனோசர் முட்டை கெடச்சிருக்காம், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல!"

அந்தச் செய்தி அந்த வாரம் ஊரையே ஒரு சுத்து சுத்தி வந்தது. பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் வேடிக்கை பார்க்கக் கிளம்பிட்டாங்க. ரெண்டு நாள்ல நிலவியல் தெரிஞ்சவங்க போய்ப் பார்த்து, இது முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரியைச் சுத்திப் படிவு சேர்ந்து உருவான கல் உருண்டைன்னு சொல்லிட்டாங்க. நானும் பெரிய மனுசன் தோரணையில், "அது முட்டை இல்லடா, கல்லு" என்று பதில் போட்டேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நிபுணர்கள் சொல்லிட்டாங்கடா."

"முட்டைன்னு சொன்னவங்களும் நிபுணர்கள் சொன்னாங்கன்னுதானே மாமா போட்டிருக்காங்க?"

மாட்டிக்கிட்டேன். பயல் கேட்டது நியாயம். அவன் ஒரு வாட்ஸப் செய்தியை நம்பினான், நான் இன்னொரு செய்தியை நம்பினேன். என் செய்தி சரியா இருந்தது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அந்த மண்ணில் பிறந்து, அந்தக் கிளிஞ்சல் கல்லை வெச்சுச் சொட்டாங்கல் ஆடின எனக்கு அது ஏன் முட்டை இல்லைன்னு சொல்லத் தெரியலை. அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

கடல் இருந்ததுன்னு யார் சொன்னா?

அரியலூரில் கடல் பார்க்கணும்னா கிழக்கே ரெண்டு மணி நேரமாவது பஸ்ஸில் போகணும். ஆனா வயலைக் கொஞ்சம் ஆழமா உழுதா சிப்பி வரும். கிணறு வெட்டினா சங்கு வரும். எங்க தாத்தா, "இங்கல்லாம் ஒரு காலத்துல கடல்டா" என்பார். யார் சொன்னா தாத்தான்னு கேட்டா, "எல்லாரும் சொல்றதுதான்" என்பார். முடிவு சரிதான். ஆனா அதை வெறும் பேச்சாக இல்லாமல் அறிவாக மாத்த சில பேர் வருசக்கணக்கில் உழைச்சிருக்காங்க.

பழைய புத்தகங்களில் பெரம்பலூரையும் அரியலூரையும் தேடினா கிடைக்காது, திருச்சினாப்பள்ளின்னுதான் தேடணும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995ல். அரியலூர் 2001ல் பிரிஞ்சு, 2002ல் திரும்பப் பெரம்பலூரோடேயே சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டம் ஆச்சு. (தனிக்குடித்தனம் போய், திரும்பி வந்து, மறுபடி போன கதை.)

1840களில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கேய், கன்லிஃப் என்ற ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்தில் கல்லாகிப்போன சங்கு, சிப்பிகளைச் சேகரிச்சு லண்டனுக்கு அனுப்பினாங்க. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற உயிரியலாளர் அதையெல்லாம் ஒவ்வொண்ணா வகைப்படுத்தி 1846ல் வெளியிட்டார். ஐரோப்பாவில் கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகளில் கிடைக்கிற உயிர்களோடு இவை ஒத்துப்போகுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே முதல் தலைவரா ஆனவர் இவர்தான். 1850களின் கடைசியில் இந்த மண்ணில் நடந்து நடந்து, எந்தப் பாறை கீழே, எந்தப் பாறை மேலேன்னு வரிசைப்படுத்தினார். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னு மூணு தொகுதி. 1862ல் வந்த அந்த அறிக்கையின் பெயர்களைத்தான் உலகம் பூரா நிலவியல் மாணவர்கள் இன்னிக்கும் படிக்கிறாங்க. நம்ம ஊட்டத்தூர் கோயிலுக்குப் போறவங்களுக்கு இது தெரியுமான்னு தெரியலை.

கிடைச்ச உயிர்களை முழுசா எழுதி வெச்சவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, 1862ல் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வந்தவர். அம்மோனைட், சங்கு, சிப்பி, பவளம், கடல் முள்ளெலி என்று பத்து வருசத்துக்கு மேல பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். 1874ல் யார்க்கண்ட் பயணம் போய்த் திரும்பும்போது லடாக் பக்கம் இறந்துபோனார். வயசு 36.

இவங்க செஞ்சதைக் கவனிச்சுப் பாருங்க. "இங்கே கடல் இருந்தது" என்பது கூற்று. கடலில் மட்டுமே வாழக்கூடிய பவளமும் முள்ளெலியும் அம்மோனைட்டும் பாறைக்குள்ளேயே பதிஞ்சு கிடக்கு என்பது சான்று. இதோட முடிஞ்சுடலை. "யாராவது கடற்கரையிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கலாமே"ன்னு ஒருத்தர் கேட்கலாம். அதுக்குப் பதில் வேணும். ஒண்ணு ரெண்டு இல்லை, அடுக்கடுக்கா, மைல் கணக்கில் பாறையோட பாறையா இருக்கு. ஒரே அடுக்கில் குட்டியும் பெரிசும் சேர்ந்திருக்கு. ஆகவே அங்கேயே வாழ்ந்து செத்தவை. சான்றையும் கூற்றையும் சேர்த்துத் தைக்கிற இந்த நூலுக்குத்தான் தர்க்கம்னு பேர். எங்க தாத்தாகிட்ட முதல் ரெண்டும் இருந்தது, மூணாவது இல்லை. என்கிட்டயும்தான்.

கடலுக்குள்ள மரம் எப்படி வந்தது?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கு. 18 மீட்டருக்கு மேல நீளம். படுத்துக் கிடக்கிற பனைமரம் மாதிரி இருக்கும், தொட்டா பாறை. 1940ல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைப் பத்தி முதலில் அறிவித்தார். வயசு ஏறத்தாழ 12 கோடி வருசம்னு சொல்வாங்க. பூக்காத மர வகை, ஊசியிலை மரக் கூட்டம்.

நல்ல மாணவன் இங்கே கையைத் தூக்கணும். "சார், இப்பதான் கடல்னு சொன்னீங்க. கடலுக்குள்ள மரம் ஏது?"

பதில் இது: கடற்கரை சாத்தனூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருந்தது. கரையோரத்து மரத்தை வெள்ளம் இழுத்துவந்து கடலில் தள்ளியது. மரம் மூழ்கி, சேற்றில் புதைஞ்சு, காத்துப் படாமல் மக்காம இருந்தது. தண்ணியில் கரைஞ்சு வந்த கனிமம் கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள் ஏறிக் கல்லாச்சு. ஆக, மரம் கிடைச்சதால் "கடல் இருந்தது" என்ற முடிவு உடையலை. பக்கத்துலேயே கரையும் ஆறும் காடும் இருந்ததுன்னு இன்னும் விவரமாச்சு. தன் கருத்துக்கு ஒத்துவராத சான்றை மறைக்காமல் எடுத்து வெச்சா கிடைக்கிற லாபம் இது. இந்த மரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி ரெண்டு தடவை வரும்.

மணிமேகலை படிச்ச தர்க்கம்

கூற்று, சான்று, காரணம்னு பிரிச்சுச் சொல்லிக்குடுக்கிற முறை கடந்த இருபது வருசமா வெளிநாட்டுப் பள்ளிகளில் பிரபலம். இதுக்கு மூலம் தேடினா, ஸ்டீஃபன் டூல்மின் என்ற தத்துவ ஆசிரியர் 1958ல் எழுதிய வாதங்கள் பற்றிய புத்தகத்துல கொண்டுபோய் விடுவாங்க. நல்ல புத்தகம்தான், மறுக்கலை.

ஆனா நம்ம மணிமேகலையின் 29ஆம் காதையை யாராவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் துறவறத்துக்கு முன்னாடி என்ன சொல்லிக்கொடுக்கிறார் தெரியுமா? தர்க்கம்! பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்னு அஞ்சு உறுப்பு. மலையில் நெருப்பு இருக்கு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. புகை இருக்கிற இடத்தில் நெருப்பு இருக்கும், நம்ம அடுக்களை மாதிரி என்பது திட்டாந்தம். கடைசி ரெண்டையும் திட்டாந்தத்துலேயே அடக்கிடலாம்னும் சொல்லிடறார். மிச்சம் மூணு. கூற்று, சான்று, ரெண்டையும் இணைக்கிற பொது விதி. சரியா வருதா?

அதைவிட முக்கியம், போலிகள். பார்க்கச் சான்று மாதிரி இருக்கும், சான்று இல்லை. அதுக்கு ஏதுப்போலின்னு பேர். அதில் ஒரு வகை அநைகாந்திகம். நீங்க காட்டுற அடையாளம் நீங்க சொல்ற பொருளிலும் இருக்கு, சொல்லாத பொருளிலும் இருக்குன்னா அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. "உருண்டையா இருக்கு, அதனால முட்டை." உருண்டையா லட்டும் இருக்கு, பீரங்கிக் குண்டும் இருக்கு. குன்னத்து வாட்ஸப் செய்திக்கு அறவண அடிகள் எப்பவோ பதில் சொல்லிட்டார். தமிழ்ப் பாடத்தில் மணிமேகலையைப் படிக்கிறோம், ஆனா அமுதசுரபியோட நிறுத்திக்கிறோம். ஒரு தமிழாசிரியரும் ஒரு அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து உக்கார்ந்தா இந்தக் காதையை வெச்சு ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

திராவிடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எலும்பு

இப்ப டைனோசருக்கு வருவோம். அரியலூர்ப் பக்கம் டைனோசரே இல்லைன்னு நான் சொல்ல வரலை. பிளான்ஃபோர்ட் காலத்துலேயே ஒரு பல் கிடைச்சது. 1929ல் சார்லஸ் மேட்லி இங்குள்ள டைனோசர் எலும்புகளைப் பத்தி எழுதினார்.

1979ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு புது டைனோசரை அறிவித்தாங்க. பேர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. திராவிடம் முன்னாடி, பிளான்ஃபோர்ட் பின்னாடி. முதுகில் தட்டுத் தட்டா எலும்பு நிற்குமே, அந்த ஸ்டீகோசார் வகைன்னு சொன்னாங்க. உலகத்தில் மத்த இடங்களில் அந்த வகை கோடிக்கணக்கான வருசம் முன்னாடியே அழிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ல மட்டும் தப்பிப் பிழைச்சிருந்தா அது பெரிய செய்தி.

பெரிய செய்திக்குப் பெரிய சான்று வேணும். ஸங்கர் சட்டர்ஜி என்ற தொல்லுயிரியலாளர் எலும்பு கிடைச்ச இடத்துக்கே போய்ப் பார்த்தார். 1996ல் ருத்ரா என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்புகள்னு வாதாடினார். கிடைச்ச பாறையும் கடல் பாறை. அப்ப முடிஞ்சது கதைன்னு தோணும், இல்லையா?

இங்கேதான் சாத்தனூர் மரம் முதல் தடவை குறுக்கே வருது. கடல் பாறையில் நிலத்து மரம் கிடைச்சிருக்கு. அப்ப நிலத்து விலங்கின் பிணமும் மிதந்து வந்திருக்கலாமே? வரலாம். அதனால் பாறையை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. எலும்பின் வடிவத்தை வெச்சுத்தான் பேசணும். சட்டர்ஜியும் அதைத்தான் பேசினார். எல்லாருமே அவரை ஒத்துக்கிட்டாங்கன்னும் சொல்ல முடியாது, மண்டையோட்டுத் துண்டையும் தட்டையும் வெச்சு வேற மாதிரி நினைக்கிறவங்களும் உண்டு.

திராவிடம்னு பேர் இருக்கிறதால அது டைனோசராவே இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆசை ஏது ஆகாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர நம்ம பேர் ஒட்டின ஒரு எலும்பைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சான்று கரைஞ்சுபோன கதை

அதே ரெண்டு பேர், 1987ல், இன்னொரு விலங்கு. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. பேர் புருஹத்காயோசாரஸ் மேட்லி. பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் இதை மாமிசம் தின்னும் வகைன்னு எழுதினாங்க. 1995ல் சட்டர்ஜி இது நீளக் கழுத்து, தழை தின்னும் வகைன்னு திருத்தினார். அப்படின்னா உலகத்தில் நடமாடின மிகப் பெரிய நில விலங்குகளில் ஒண்ணு நம்ம அரியலூர்க்காரன்!

ஆனா வெளியான படங்கள் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் கோட்டுப் படம். சில ஆய்வாளர்கள், இது எலும்பே இல்லை, கல்லான மரமா இருக்கலாமோன்னு சந்தேகப்பட்டாங்க. (சாத்தனூர் மரம், ரெண்டாவது தடவை.) சரி, எலும்பை எடுத்து வெட்டிப் பார்த்துடலாமேன்னா, எலும்பே இல்லை. அது ஏற்கெனவே பொடிஞ்சு அழிஞ்சுபோச்சுன்னு 2017ல் எழுதினாங்க. நம்ம மண்ணில் கிடைக்கிற எலும்பு சொதசொதன்னு இருக்கும். ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டா உதிர்ந்துடும்.

2022ல் சௌரப் பாலும் அய்யாசாமியும் அந்தக் காலத்துப் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வெளியிட்டாங்க. எலும்புதான்னு சொல்றதுக்கு அது கொஞ்சம் பலம் கொடுத்தது. 2023ல் அந்த அளவுகளை வெச்சு எடை 110லிருந்து 130 டன் வரை இருக்கலாம்னு ஒரு மதிப்பீடு வந்தது. இருக்கலாம். ஆனா இனிமே யாராலும் போய் அளந்து பார்க்க முடியாது. சான்று போனபிறகு வாதம் மட்டும் பாக்கி.

இதுக்கு நேர்மாறான ஒண்ணையும் சொல்லணும். அதே கல்லமேட்டுப் பாறையிலிருந்து கிடைச்ச ஒரே ஒரு சின்னப் பல்லை வெச்சு 2013ல் ஒரு கட்டுரை வந்தது. டிரூடோன்டிட் என்ற சின்ன டைனோசர் வகையின் பல். அந்த வகை வடக்குக் கண்டங்களில்தான் இருந்ததுன்னு அதுவரை நினைச்சிருந்தாங்க. சின்னப் பல்தான், ஆனா அது கையில் இருக்கு. யார் வேணும்னாலும் பார்த்து, இல்லைன்னு மறுக்கலாம். 130 டன் விலங்கைவிட அந்தப் பல் இன்னிக்கு உறுதியான சாட்சி.

சரி, முட்டைக்கு வருவோம்

முட்டைக் கதை குன்னத்தில் ஆரம்பிக்கலை. 2009ல் செந்துறைப் பக்கம் கூட்டம் கூட்டமா டைனோசர் முட்டை கிடைச்சதா எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதுக்கும் முன்னாடி, 1996ல், அரியலூர்ப் பாறையிலிருந்து எடுத்த ஒரு முட்டையின் ஓட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்திருக்கு. செய்தியில் உருண்டையைக் காட்டினாங்க, கட்டுரையில் ஓட்டைக் காட்டினாங்க. வித்தியாசம் அங்கதான்.

என் அக்கா பையனுக்கு அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்:

ஒண்ணு, ஓடு. முட்டைன்னா மெல்லிய சுண்ணாம்பு ஓடு இருக்கும், அதில் குஞ்சு மூச்சு விட நுண்துளை இருக்கும். வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தா தெரியும். கல் உருண்டையில் அது இருக்காது.

ரெண்டு, உள்ளே என்ன? கல் உருண்டை உருவாகிற விதமே வேற. செத்த உயிரி ஒண்ணு சேற்றில் புதையும். அது அழுகும்போது சுத்தி இருக்கிற தண்ணியின் ரசாயனம் மாறும். கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு அங்கே படியும், மேல மேல சேர்ந்து உருண்டை ஆகும். உடைச்சா வெங்காயம் மாதிரி அடுக்கு இருக்கலாம், நடுவில் ஒரு அம்மோனைட் சுருண்டு படுத்திருக்கலாம்.

மூணு, அளவு. ஒரே தாய் ஒரே குழியில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும். இந்தியாவில் கிடைச்ச உருண்டை வகை டைனோசர் முட்டைகள் பெரும்பாலும் 15, 20 செ.மீ. குறுக்களவு. எலுமிச்சை அளவிலிருந்து பூசணி அளவு வரை கலந்து கிடந்தா சந்தேகப்படணும்.

நாலு, இடம். டைனோசர் தரையில் குழி பறிச்சு முட்டையிடும். அம்மோனைட் நிறைஞ்ச கடல் சேற்றில் கூடு கட்டாது. மரம் மிதந்து வந்த மாதிரி முட்டையும் வரலாமேன்னா, ஒண்ணு வரலாம். ஒரு ஏரி நிறைய வருமா?

தனித்தனியாப் பார்த்தா நாலில் எதுவுமே முழுத் தீர்ப்பு இல்லை. நாலும் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் "இது முட்டை இல்லை"ன்னு தைரியமாச் சொல்லலாம்.

உடனே "கிராமத்து ஜனங்க எதையும் நம்பிடுவாங்க"ன்னு யாரும் சிரிக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே சில குடும்பங்கள் நிலத்தைக் காக்கிற குலதெய்வமா உருண்டைக் கல்லை வெச்சுக் கும்பிட்டுவந்தாங்க. ஆய்வாளர்கள் பார்த்துட்டு அதை டைனோசர் முட்டைன்னு சொன்னாங்க! அதே வருசம் ஜனவரியில் அந்த மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டுபிடிச்சதா ஆய்வுக் கட்டுரையே வந்திருந்தது. ஒரு ஊர்ல கல்லை முட்டைன்னாங்க, இன்னொரு ஊர்ல முட்டையைக் கல்லுன்னாங்க. ஆகவே "உருண்டையைப் பார்த்தா முட்டைன்னு நம்பாதே" என்பதும் பாடம் இல்லை. "பார்க்கிற விதத்தில் பார்" என்பதுதான் பாடம்.

9.4 வந்தால் என்ன தப்பு?

இனி கொஞ்சம் கொசுவத்தி. நான் மேல்நிலை படிக்கும்போது தனி ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். எனக்கு 9.4 வந்தது. ஆசிரியர் நோட்டைப் பார்த்துட்டு, "9.8 வரணும்டா" என்றார். பக்கத்துப் பையன் சொல்லிக்கொடுத்தான்: விடையை முதலில் எழுது, அப்புறம் பின்னாடியே போய் நேரத்தைத் திருத்து. திருத்தினேன். 9.79. முழு மார்க்.

ரொம்ப வருசம் கழிச்சுத்தான் புரிஞ்சது. நூலின் நீளத்தை மட்டும் அளந்திருக்கேன்; குண்டின் மையம் வரைக்கும் அளக்கணும். நீளம் குறைஞ்சா விடையும் குறையும். என் 9.4 பொய் சொல்லலை. என் தப்பு எங்கே இருக்குன்னு கை நீட்டிக் காட்டியிருக்கு. அதைத்தான் நான் அழிச்சேன். அறிவியல் வகுப்பில் நான் கத்துக்கிட்ட பாடம், சான்றை விடைக்கு ஏத்த மாதிரி மாத்தணும் என்பது. பதினாறு வயசில் அதைச் செஞ்சு மார்க் வாங்கின தலைமுறை, நாப்பது வயசில் வாட்ஸப்பில் வந்ததை அப்படியே தட்டி விடறதில் ஆச்சரியம் என்ன?

வேற மாதிரி நடத்த முடியாதான்னா, நடத்தியிருக்காங்க. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972ல் 16 பள்ளிகளில் ஆரம்பிச்சது. பிள்ளைங்க குழு குழுவாச் சோதனை செய்வாங்க, எல்லாக் குழுவின் அளவையும் பலகையில் எழுதி, ஏன் வித்தியாசம்னு பேசுவாங்க. பரிட்சையில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம்! முப்பது வருசம் ஓடி நூத்துக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அதை 2002ல் மாநில அரசு நிறுத்திடுச்சு.

நம்ம பக்கம் 1980ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கினாங்க. 1987லிருந்து துளிர் வந்தது. 1993லிருந்து தேசிய அளவில் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10லிருந்து 17 வயசுப் பிள்ளைங்க சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, தாங்களே தகவல் சேகரிச்சு, நடுவர் முன்னாடி நின்னு பேசணும். "எத்தனை வீட்ல கேட்டீங்க? ஏன் அந்த வீடுங்க?"ன்னு நடுவர் கேட்பார். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதுக்குப் பதில் சொல்றதைப் பார்த்திருக்கேன், கண்ணு கலங்கிடும். எல்லாப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வர்றதில்லை என்பதுதான் குறை.

பெரம்பலூர், அரியலூர் ஆசிரியர்களுக்கு மத்தவங்களுக்கு இல்லாத வசதி ஒண்ணு இருக்கு. ஆய்வுக்கூடம் கூரை இல்லாம வெளியே கிடக்கு. காரையில் துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி மேல சிப்பி, வாரணவாசியில் அருங்காட்சியகம். பாடப் புத்தகமே வேண்டாம், மூணு கேள்வி போதும். உனக்கு எப்படித் தெரியும்? வேற என்னவா இருக்கலாம்? எதைப் பார்த்தா நீ உன் முடிவை மாத்திக்குவ? மூணாவது கேள்வி பெரியவங்களுக்கும் கஷ்டம். அதைக் கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கின்னு உக்கார வைக்காம இருந்தாலே பாதிப் பாடம் நடத்தின மாதிரி.

ஒரே ஒரு வேண்டுகோள். போற இடத்தில் கல்லை எடுத்துட்டு வராதீங்க. படம் எடுங்க, வரைஞ்சுக்கங்க. எந்த அடுக்கில், எதுக்குப் பக்கத்தில் கிடந்ததுன்னு தெரியாத கல் அலமாரிக்கு அழகு, சான்றுக்கு ஆகாது. சுண்ணாம்புக் கல் சிமெண்ட் ஆலைக்குப் போயிட்டுதான் இருக்கு. ஊருக்கு அதில் வேலை இருக்கு, சோறு இருக்கு, தப்புன்னு சொல்லலை. ஆனா அரைபடுறதுக்கு முன்னாடி பார்த்து எழுதி வைக்க நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. எலும்பு கரைஞ்சபிறகு பழைய ஃபோட்டோவைத் தேடின கதை இன்னொரு தடவை வேண்டாம்.

போன வருசம் அக்கா பையனைச் சாத்தனூருக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்ப மீசை வந்துடுச்சு பயலுக்கு. கல்மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தான். "12 கோடி வருசம்டா" என்றேன் பெருமையா.

"எப்படி மாமா தெரியும்? பலகையில போட்டிருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

இந்தத் தடவை நான் தயார். அம்மோனைட் வகைகள் சீக்கிரம் சீக்கிரம் மாறும், அதனால ஒரு வகை ஒரு குறிப்பிட்ட காலத்துப் பாறையில்தான் இருக்கும். அதே வகைகள் இருக்கிற வெளிநாட்டுப் பாறைகளில் எரிமலைச் சாம்பல் அடுக்கும் கிடைக்கும். அந்தச் சாம்பலின் வயசைக் கதிரியக்கத் தேய்வை வெச்சுக் கணக்கிடுவாங்க. அங்கிருந்து இந்தப் பாறைக்கு வயசு, பாறையிலிருந்து மரத்துக்கு வயசு. சொல்லி முடிச்சேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்ப இது பாறையோட வயசுதானே மாமா? மரம் அதுக்கு எவ்வளவு முன்னாடி செத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

மறுபடி மாட்டிக்கிட்டேன். இந்தத் தடவை வெட்கமா இல்லை, சந்தோசமா இருந்தது. ரெண்டு பேரும் கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு, அது மக்காம இருந்ததை வெச்சு ஏதாவது சொல்ல முடியுமான்னு பேசிக்கிட்டே நின்னோம், கடைசி பஸ் வர்ற வரைக்கும்.

உங்க ஊர்ப்பக்கம் இந்த மாதிரி கல்லோ கதையோ இருந்தா பின்னூட்டத்தில் எழுதுங்க மக்களே. எழுதும்போது, எப்படித் தெரியும்னும் சேர்த்து எழுதிடுங்க. பயல் படிப்பான்.